ஜூனில் பிறக்காத லாவண்யா

போன வாரம் சொப்னா போன் செய்தாள். ஆபீஸில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். மாவட்டம் பிரிந்த பிறகு, வீரப் பதக்கம் வாங்கிய சிப்பாய்களின் பட்டியலும் சித்தூருக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்து பாராட்டு விழாவுக்கு எல்லோருக்கும் வாட்ஸப்பில் அழைப்பு அனுப்பினாளாம். எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டார்களாம்.

"கட்டைவிரல் காட்டுறவங்க வர மாட்டாங்கக்கா. அது எனக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்க எப்படித்தான் கூட்டிக்கினு வந்தீங்க?" என்று கேட்டாள்.

போனில் எனக்குச் சரியாகப் பேச வராது. எதிரில் ஆள் இருந்தாலும் அப்படித்தான். எழுதித் தருகிறேன் என்றேன். விழா மலருக்கும் ஏதாவது எழுதச் சொல்லி முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தார் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என் நைனா பட்டாளத்திலிருந்து வந்து, முன்னாள் சிப்பாய்களின் நலனைப் பார்க்கும் எங்கள் ஆபீஸில் ஜீப் ஓட்டினார். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், பத்தாவது படித்திருந்த எனக்கு அங்கேயே அட்டெண்டர் வேலை கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் டீ கொடுத்தேன், தபால் ஒட்டினேன், அலமாரி துடைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, ரெஜிஸ்டர் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. முழங்கால் படுத்தி எடுத்ததால் ஐம்பத்தைந்து வயதில் நானே கேட்டு ஓய்வு வாங்கும்வரை அதே மேசைதான்.

அழைக்கும் வேலை எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பமோ தெலுங்குக் குடும்பமோ, வீட்டுக்கு வந்து பெண்ணுக்குப் பொட்டு வைத்து, "வாங்க" என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு. தபாலில் வருவது வெறும் தகவல். ஆபீஸ் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "கூப்பிடாத இடத்துக்குப் போவாங்களா?" என்று பலர் வராமலே இருந்தார்கள். புதிதாக வந்த எங்கள் அதிகாரி, ஒரு ரிடையர்டு கர்னல், அதைக் கேள்விப்பட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தரம்மா, நாளையிலிருந்து நீங்க போய் பொட்டு வெச்சு அழைக்கணும்."

"சார், நான் கிறிஸ்டியன். நானே பொட்டு வைக்கறதில்ல."

"நான் உங்களுக்கு வெச்சுக்கச் சொல்லல. அவங்களுக்கு வைக்கச் சொல்றேன்."

அப்படித்தான் சித்தூர் மிஷன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப்புத்தகம் எடுத்துக் கொடுக்கும் நான், பையில் குங்குமச் சிமிழோடு பஸ் ஏற ஆரம்பித்தேன். என் அண்ணி ஒரு மாதம் சிரித்தாள்.

முதல் வருஷமே ஒரு சங்கடம். பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு வீடு. பதக்கம் வாங்கியவர் சண்டையில் இறந்துபோனவர். வாசலில் அவர் மனைவி நிற்கிறாள், சின்ன வயசு. சிமிழைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். உள்ளேயிருந்து அவள் மாமியார் வந்தார். என் கையைப் பார்த்தார், மருமகள் முகத்தைப் பார்த்தார். "வையிம்மா. என் புள்ளைக்காகத்தான கூப்பிடுறீங்க? அவளுக்கு வெக்காம வேற யாருக்கு வெப்பீங்க?" என்றார். வைத்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் சிமிழைத் திறக்க நான் தயங்கியதில்லை. வாயைத் திறக்கத்தான் தயங்குவேன்.

கர்னல் சாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த மொழி தெலுங்கு. பட்டாளத்தில் தமிழ் ஆட்களோடு இருந்து கற்ற தமிழை எங்களிடம் பேசுவார். சத்தம் போட மாட்டார். தப்பைப் பார்த்தால் பேனாவை மூடி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஆபீஸே பயப்படும். விழாவுக்கு முன்னால் நாற்காலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தன் கைத்தடியால் அளப்பார். சால்வைத் தட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கக்கூடாது, இடுப்புக்குக் கீழே இறக்கக்கூடாது என்று காலித் தட்டோடு என்னை வராந்தாவில் நடக்கவிட்டார். பதக்கம் வாங்கியவரே வந்தால் மெடலை அவர் சட்டையின் இடது பக்கம் குத்தவேண்டும். அவர் இல்லாமல் குடும்பத்தார் குத்திக்கொண்டால் வலது பக்கம். அதற்காக என் ரவிக்கைத் தோளில் எப்போதும் நான்கு ஊக்கு மாட்டியிருப்பேன். விழா நடக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் நிமிஷ வாரியாக ஒரு தாள் உண்டு. அதில் இல்லாதது மேடையில் நடக்காது.

அவர் கொண்டுவந்த இன்னொரு பழக்கம், பிறந்தநாள் வாழ்த்து. பதக்கம் வாங்கியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வருஷா வருஷம் ஒரு கார்டு. அச்சுக் கையெழுத்து கிடையாது, ஒவ்வொன்றிலும் அவரே எழுதுவார். சரியான நாளில் கிடைக்கவேண்டும் என்று மூன்று நாள் முன்னால் நான் தபாலில் சேர்ப்பேன். அதற்கான பிறந்தநாள் ரெஜிஸ்டரை எழுதியது நான்தான். மற்ற மாதமெல்லாம் இரண்டு மூன்று கார்டு போகும். ஜூன் முதல் இரண்டு வாரத்தில் மட்டும் கட்டுக் கட்டாகப் போகும். மாவட்டத்துப் பிள்ளைகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஜூனில் பிறந்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இனி முனிரத்தினம் கதை. நகரிக்கு அந்தப் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஒரு ஊர். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து வீட்டிலேயே இரண்டு பவர்லூம் தறி போட்டிருந்தார். வீரத்துக்கான சேனா மெடல் வாங்கியவர். மூன்று வருஷமாக விழாவுக்கு வரவில்லை. வராதவர்களுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிய நாற்காலி போடவேண்டும், பெயரை வாசித்துவிட்டுப் பத்து எண்ணும் வரை மௌனமாக இருக்கவேண்டும் என்பது கர்னல் சாரின் சட்டம். பன்னிரண்டு நாற்காலியில் அவருடையது மட்டும் காலியாக இருக்கும். நான்காவது வருஷம் கர்னல் சாரின் பதவிக்காலம் முடிகிறது. "இந்த ஒரு தடவை அந்த நாற்காலியில ஆள் இருக்கணும் எஸ்தரம்மா" என்றார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த ஊர் முதல் மூன்று வருஷமும் இன்னொருவர் பொறுப்பில் இருந்தது, அவர் தபாலோடு விட்டுவிட்டார். நகரி வரை பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு தறியும் ஓடுகிற ஓட்டத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினேன்: "அழைக்க வந்தேன்!"

தறியை நிறுத்திவிட்டு அவர் மனைவி காஞ்சனா வந்தாள். ஆபீஸ் பெயரைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்தாள்.

"வாங்கக்கா, உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். போன வருஷம் உங்க மீட்டிங்குல இவரு பேரப் படிச்சுட்டு எல்லாரும் கம்முனு நின்னீங்களாமே? பாத்தவங்க யாரோ செத்துப்போயிட்டாருன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் காலையில எங்க சின்னம்மா பாகாலாவுல இருந்து மாலையோட வந்துட்டா! இவரு ஒக்காந்துக்கினு இட்லி துன்னுக்கினு கீறாரு. அவ அவரப் பாத்து ஓன்னு அழுவுறா!"

"மாலை நல்ல மாலை" என்றார் பின்னாலிருந்து முனிரத்தினம். ஒல்லியான, அமைதியான மனிதர். "சாமி படத்துக்குப் போட்டுட்டோம்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தை நீட்டினேன். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். படித்தார். "மேடம், அன்னிக்கு எனக்கு வேலை கீது" என்றார்.

"என்ன வேலைங்க?"

"கேக் வெட்டணும்."

மகள் லாவண்யாவுக்கு ஆகஸ்ட் பதினைந்து பிறந்தநாள். பட்டாளத்தில் இருந்த காலத்தில் ஒரு பிறந்தநாளுக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. சுதந்திர தினத்துக்குப் பட்டாளத்தில் எங்கேயும் லீவு கிடைக்காது. ஓய்வு பெற்று வந்த அன்று, இனிமேல் அந்த நாளில் வீட்டைவிட்டு நகரமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதை மூன்று வருஷமாகக் காப்பாற்றுகிறார்.

அதற்குள் லாவண்யாவே வந்துவிட்டாள். ஒன்பது வயசு, இரட்டைச் சடை. கையில் எங்கள் ஆபீஸ் கார்டுகள் மூன்று.

"ஆண்ட்டி, இது இன்னா? ஜூன் பத்துல யாருக்கு பர்த்டே?"

"உனக்குத்தான்..."

"எனக்கு ஆகஸ்ட் பதினைஞ்சு! அன்னிக்கு எங்க நைனாவ நீங்க கூட்டிக்கினு போவணும்ன்றீங்க. பர்த்டே இல்லாத அன்னிக்கு ஹேப்பி பர்த்டேன்றீங்க. உங்க ஆபீஸ்ல யாருக்கும் காலண்டர் பாக்கத் தெரியாதா?"

"ஏய், வாய மூடுடி" என்றாள் காஞ்சனா. ஆனால் அவளும் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

வேறு வழி தெரியாமல் காஞ்சனாவுக்குப் பொட்டு வைத்தேன். "நீங்க பொட்டே வெக்கல, எனக்கு வெக்க வந்துட்டீங்க" என்று அவள் சிரித்தாள். லாவண்யா நெற்றியை நீட்டினாள். "எனக்கும் வெச்சுக் கூப்புடுங்க. நான் வந்தா நைனா வருவாரு." வைத்தேன். கையை எடுப்பதற்குள் அடுத்த கேள்வி. "அங்க மைக்ல எனக்கு ஹேப்பி பர்த்டே சொல்லுவாங்களா?"

நான் தலையாட்டினேன்.

"வாயால சொல்லுங்க."

"சொல்லுவாங்க."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். "சொல்லிட்டு செய்யலைன்னா குழந்த மனசு வுட்டுப்போவும் மேடம். எனக்கு அது தெரியும்" என்றார் மெதுவாக. பஸ் புத்தூர் தாண்டும்போதுதான் நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

மறுநாள் கர்னல் சார் முன்னால் நின்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எஸ்தரம்மா, இது பர்த்டே பார்ட்டி இல்ல. சரி, அதையும் விடுங்க. அந்தப் பாப்பா பிறந்த நாள் என்னைக்கு?"

"ஆகஸ்ட் பதினைஞ்சுன்னு சொல்றாங்க சார்."

"நம்ம ரெகார்டு?"

"ஜூன் பத்து."

"ரெகார்டுல இல்லாத நாளை மேடையில எப்படி வாசிக்கறது?"

வழக்கமாக நான் அதோடு திரும்பிவிடுவேன். அன்று அலமாரி முன்னால் உட்கார்ந்து முனிரத்தினம் ஃபைலை எடுத்தேன். மேலே பள்ளிக்கூட சர்டிபிகேட், படிப்பு உதவிக்கு அனுப்பியது. ஜூன் பத்து. ரெஜிஸ்டருக்கு நான் தேதி எடுத்தது அதிலிருந்துதான், மேலாக இருந்ததால். அடியில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெறும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கின் நகல். சிப்பாய்க்குக் குழந்தை பிறந்தால் பட்டாளத்திலேயே ஆர்டர் போட்டுப் பதிவார்கள். அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். மகள் பிறப்பு, ஆகஸ்ட் பதினைந்து. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளியில் சேர்க்கும்போது வயசு குறைந்தால் ஜூனில் ஒரு தேதி போட்டுவிடுவது சாதாரணம். பள்ளி திறக்கும் நாளுக்குள் ஐந்து முடிந்திருக்கவேண்டுமே. அது எனக்கும் தெரியும். எனக்கே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஃபைலை எடுத்தேன். மேலே ஜூன், அடியில் டிசம்பர். அதற்கடுத்தது, மேலே ஜூன், அடியில் பிப்ரவரி. மத்தியானச் சாப்பாடு மறந்து எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் ஜூன் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஜூனில் பிறக்கவில்லை. லாவண்யா பெயரை மட்டும் திருத்திவிட்டு மற்றதைச் சத்தமில்லாமல் மூடியிருக்கலாம். ரெஜிஸ்டர் என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கார்டுகளை நீட்டிய விதம் கண் முன்னால் வந்தது. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் அப்படி நீட்டியிருப்பார்கள்!

எல்லா ஃபைலையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். "தப்பு என்னுது சார். பள்ளிக்கூட தேதியை எடுத்துட்டேன். பட்டாளத்து தேதிதான் சரி."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேனா ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மறுபடி திறந்து, மறுபடி மூடினார். திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார். நாலு வருஷத்தில் அப்போதுதான் அவர் பல்லைப் பார்க்கிறேன்.

"நாலு வருஷமா, எஸ்தரம்மா, எதிரி இந்த மலையில இருக்கான், நாம அந்த மலைக்கு குண்டு போட்டுட்டு இருந்திருக்கோம்! அதுவும் குறி தப்பாம, மூணு நாள் முன்னாடியே தபால்ல சேர்த்து!"

சிரித்து முடித்து, நிமிஷத் தாளை இழுத்தார். முனிரத்தினத்தின் பாராட்டுரைக்கும் சால்வைக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். பிறந்தநாள் வாழ்த்து, ஒரு நிமிஷம்.

"யார் சார் வாசிப்பாங்க?"

"ரெஜிஸ்டர் யார் கையெழுத்து?"

"சார், எனக்கு மைக்..."

"பட்டாளத்து ரெகார்டு இது. திருத்தம் போட்டவங்கதான் வாசிக்கணும்."

பதினைந்து நாள் என் அண்ணி வீட்டுச் சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரியை மனப்பாடம் செய்தேன்.

விழா அன்று காலை கொடியேற்றம் முடிந்து, பதினோரு மணிக்குச் சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு. பதக்கம் வாங்கியவர்களை மேடையில் உட்காரவைத்து கர்னல் சார் ஒரு தடவை சொன்னார்: "இந்த மைக்ல ஒருத்தர் பேரை வாசிச்சா எல்லாரும் எழுந்து அட்டென்ஷன். அந்த ஆள் உட்கார்ந்த பிறகுதான் மத்தவங்க உட்காரணும்." அது வருஷா வருஷம் சொல்வதுதான். காது கேட்காத ஒரு பெரியவருக்காக இரண்டாம் முறையும் சொன்னார்.

பத்து ஐம்பதுக்குப் பன்னிரண்டாவது நாற்காலி காலி. கர்னல் சார் வாசலைப் பார்க்கவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து ஐம்பத்தாறுக்கு ஆட்டோ வந்தது. இறங்கியது முதலில் ஒரு கேக் பெட்டி. அதைப் பிடித்திருந்தவர் முனிரத்தினம். பின்னால் பட்டுப்பாவாடையில் லாவண்யா, அவளுக்குப் பின்னால் காஞ்சனா. பெட்டியை வாங்கிச் சால்வை அறையில் வைத்தேன். சட்டையின் இடது பக்கம் மெடலைக் குத்தினேன். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும், கர்னல் சார் கைத்தடியை மேசைமேல் படுக்கவைத்தார்.

முனிரத்தினத்தின் முறை வந்தது. தெலுங்கில் பாராட்டுரையை வாசித்தார்கள். மலையில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில், தோளில் குண்டு பட்ட பிறகும், நடக்கமுடியாத இரண்டு கூட்டாளிகளை ஒருவர் பின் ஒருவராகச் சுமந்து கீழே கொண்டுவந்தார் என்று இருந்தது. இரண்டாவது ஆளுக்காக அவர் மறுபடி மேலே ஏறினார் என்று வாசித்தபோது முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன் வரிசையில் லாவண்யா வாயைத் திறந்தபடி இருந்தாள். தோளில் இருக்கும் அந்தத் தழும்புக்கு, லாரியிலிருந்து விழுந்தேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார் என்று காஞ்சனா பிறகு எனக்குச் சொன்னாள். அன்று வரை இரண்டு பேருக்கும் தெரியாது.

உரை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். கர்னல் சார் என்னைப் பார்த்தார். மைக் வரை பத்து அடி இருக்கும். சால்வைத் தட்டோடு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"இன்று பத்து வயது நிறையும் குமாரி லாவண்யாவுக்கு எங்கள் ஆபீஸின் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றேன். மனப்பாடம் செய்த இரண்டாவது வரி மறந்துபோனது. அந்த இடத்தில் வேறு வரி வந்தது. "இத்தனை வருஷம் ஜூனில் வாழ்த்தியது என் தப்பு. மன்னிச்சுக்கோம்மா."

தன் பெயரைக் கேட்டதும் லாவண்யா எழுந்து நின்றாள். அப்போது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. மேடையில் பன்னிரண்டு பேரும் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார்கள். மைக்கில் ஒரு பெயர் வாசித்தாகிவிட்டது, அவர்களுக்கு அதுதான் கணக்கு. காது கேட்காத பெரியவர்கூடப் பக்கத்தில் பார்த்து எழுந்துவிட்டார். கர்னல் சார் எழுந்தார். விருந்தாளியாக வந்திருந்த அதிகாரியும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்தார். பிறகு மண்டபமே எழுந்தது.

லாவண்யாவுக்கு உட்காரவேண்டும் என்று தெரியவில்லை. அவள் உட்காராமல் அவர்கள் யாரும் உட்காரமாட்டார்கள். காஞ்சனா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக் முன்னாலேயே நின்றேன். ஒரு நிமிஷம் என்று எழுதியிருந்த இடத்தில் இரண்டு நிமிஷம் போய்விட்டது. மனசுக்குள் எனக்குச் சிரிப்பு பொங்கியது, தெரியக்கூடாதே என்று தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் அவள்தான் பேசினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நைனா, நீ ஒக்காரு. தோள் வலிக்கப்போவுது."

சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். முனிரத்தினம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்தடுத்துப் பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். கர்னல் சாரும் உட்கார்ந்தார். இன்னொருவர் சொல்லி அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.